கை ஒருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது

பொன்னிறச் சடை, இறக்கை வைத்த தலைக்கவசம், கண்ணிமையில் தீட்டிய மை. பெண் வேடம் கட்டிய ஒரு முயல், வயிறு பிதுங்கும் வெள்ளைக் குதிரையின் முதுகில் ஒயிலாகச் சாய்ந்தபடி சரிவில் இறங்கி வருகிறது. ஈட்டியும் கையுமாக அதைக் கொல்ல வந்த வேட்டைக்காரர் எல்மர் ஃபட், வந்த வேலையை மறந்து சொக்கிப்போய் நிற்கிறார். வாக்னரின் இசை நாடகங்களைக் கிண்டலடித்து 1957-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'வாட்ஸ் ஆபரா, டாக்?' என்ற ஏழு நிமிடக் கார்ட்டூனில் வரும் இடம் இது.

அந்தப் படத்தின் காட்சிகள் இன்று அமெரிக்காவில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் ஃபிரேமுக்குள் இருக்கின்றன. ஓரத்தில் 210/500 என்பதுபோல ஓர் எண் இருக்கும். பக்கத்திலேயே 'சக் ஜோன்ஸ்' என்று இயக்குநரின் கையெழுத்து. கூடவே ஒரு சான்றிதழும் தருவார்கள். விற்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சைன்டு லிமிடெட் எடிஷன் செல்'.

இதில் ஒரு விஷயம். இந்தச் செல்லை எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. படம் வெளிவந்து இருபது, முப்பது வருடங்கள் கழித்து, விற்பதற்கென்றே தயாரித்தது. அப்படியானால் இது டூப்ளிகேட்தானே? கேமரா பார்த்த ஒரிஜினல் செல்லை மட்டுமே சேகரிப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், சற்று இளக்காரமாகவே. அந்த இளக்காரத்துக்கு அவர்கள் நினைக்கும் அளவுக்கு நியாயம் இல்லை என்பது என் கட்சி. ஏனென்று சொல்ல, செல் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்

கார்ட்டூன் என்றால் வினாடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு முறை படம்பிடித்தாலும், ஓர் உருவம் ஒரு வினாடி அசைய 12 ஓவியங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் பின்னணியையும் சேர்த்து வரைந்துகொண்டிருந்தால் ஆயுள் போதாது. 1914-இல் ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அசையும் உருவத்தை மட்டும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து, அசையாத பின்னணியின் மேல் வைத்துப் படம்பிடிப்பது. அந்தத் தாள்தான் செல். முதலில் அது நைட்ரேட்டில் வந்தது, தீப்பொறி பட்டால் குபீரென்று எரியும். பிறகு அசிட்டேட்டுக்கு மாறினார்கள்.

அனிமேட்டர் செல்லில் வரைவதில்லை. அவர் பென்சிலில் காகிதத்தில் வரைவார். அந்தக் காகிதம் 'இங்க் அண்ட் பெயின்ட்' பிரிவுக்குப் போகும். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒருவர் காகிதத்தின் மேல் செல்லை வைத்து, மை தொட்ட கூர்நிப்பால் கோட்டை இம்மி பிசகாமல் நகலெடுப்பார். செல்லில் விரல்ரேகை படக்கூடாது என்பதற்காகப் பருத்திக் கையுறை. பேனா பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் அதில் துணியை வெட்டி விட்டிருப்பார்கள். அடுத்தவர் செல்லைத் திருப்பிப் போட்டு, பின்புறம் வண்ணம் வைப்பார். தூரிகையால் தேய்ப்பதில்லை. வண்ணத்தைக் குட்டைபோலத் தேக்கி, கோட்டின் அடிவரை மெல்லத் தள்ளிவிடுவதுதான் முறை.

ஒரு செல்லைத் திருப்பிப் பார்த்தால் இது புரியும். முன்புறம் பட்டுப்போல வழுவழுப்பாக இருக்கும் முயலின் கன்னம், பின்புறம் மேடும் பள்ளமுமாக, காய்ந்த சேறுபோல இருக்கும். முன்னே தெரியும் நேர்த்தியெல்லாம் பின்னே இருக்கும் இந்தத் தடிப்பின் புண்ணியம். ஒரு காட்சியில் நான்கு உருவங்கள் நான்கு செல்களில் அடுக்காக வந்தால், ஒவ்வொரு செல்லும் கீழே இருப்பதன் நிறத்தைக் கொஞ்சம் மங்கடிக்கும். அதனால் அடுக்கின் அடியில் போகும் உருவத்துக்கும் மேலே இருக்கும் உருவத்துக்கும் ஒரே சிவப்பை வேறு வேறு அளவில் கலப்பார்கள். டிஸ்னி ஸ்டுடியோ தனக்கென்று வண்ணக்கூடமே வைத்திருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கதை ஒருவருடையது, இயக்கம் ஒருவருடையது, பென்சில் கோடு அனிமேட்டருடையது, மைக்கோடு ஒரு பெண்ணுடையது, வண்ணம் இன்னொரு பெண்ணுடையது. 'ஒரிஜினல்' என்று கொண்டாடும் செல்லே பென்சில் ஓவியத்தின் நகல்தான். அதில் இயக்குநரின் கை அநேகமாகப் பட்டிருக்காது. அதைத் தீட்டிய பெண்கள் யாரும் அதில் பெயர் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

கழுவித் துடைத்த சொத்து

அசிட்டேட் தாள் விலை அதிகம். படப்பிடிப்பு முடிந்ததும் செல்லைக் கழுவி, துடைத்து, அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வது ஸ்டுடியோக்களில் சகஜமாக இருந்தது. கழுவாதவை கிடங்கில் குவிந்தன, இடம் போதாதபோது குப்பைக்குப் போயின. வார்னர் பிரதர்ஸின் பொற்காலச் செல்களில் பெரும்பகுதி அழிந்தது இப்படித்தான்.

டிஸ்னி கொஞ்சம் முன்னாலேயே விழித்துக்கொண்டது. 1937 டிசம்பரில் 'ஸ்னோ ஒயிட்' அரங்கேறி ஊரே திரண்டபோது, சான் ஃபிரான்சிஸ்கோவில் கேலரி வைத்திருந்த கத்ரி கூர்வாசியே அந்தப் படத்தின் செல்களை விற்றுத்தர முன்வந்தார். 1938-இல் ஒப்பந்தமானது. தேர்ந்தெடுத்த செல்களை அளவாக வெட்டி, சிலவற்றுக்குப் பின்னால் மெல்லிய மரப்பலகை ஒட்டி, சாதாரண மக்கள் வாங்கும் விலையில் விற்றார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம்கூட அந்தப் படத்தில் வரும் பிணந்தின்னிக் கழுகுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அங்கே 'ஆர்ட் கார்னர்' கடையில் செல்கள் ஒரு சில டாலருக்குக் கிடைத்தன. ஊருக்குத் திரும்பும் குழந்தையின் கையில் கொடுக்கும் பொம்மைக்கு இருந்த மதிப்புதான் அதற்கும்.

விலை ஏறியது 1980-களில். முதல் பரபரப்பு 1984-இல் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் வந்தது. டிஸ்னியில் வேலை பார்த்த ஜான் பஸ்மாஜியன், ஸ்டுடியோ வேண்டாமென்று ஒதுக்கியவற்றை 1940-களில் மேலதிகாரிகளின் அனுமதியோடு வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். நாற்பது வருடம் கழித்து அவை ஏலத்துக்கு வந்ததும் டிஸ்னி நிறுவனம் தடை கேட்டு நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தடை தர மறுத்துவிட்டது. குப்பை என்று கொடுத்தது கொடுத்ததுதான் என்பதே அதன் சாரம். ஏலம் நடந்தது, நன்றாகவே நடந்தது.

ஐந்து வருடத்தில் சந்தைக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. 1934-இல் வந்த 'ஆர்ஃபன்ஸ் பெனிஃபிட்' என்ற மிக்கி மவுஸ் படத்தின் கறுப்பு வெள்ளைச் செல் ஒன்று 1989-இல் 2,86,000 டாலருக்குப் போனது. அதே ஆண்டு 'ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட்' படத்தின் செல்களை சதபீஸ் ஏலம் விட்டபோது மொத்த வசூல் பதினாறு லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தப் படம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

பழைய செல் அருமையானதற்குக் காரணம் அலட்சியம். எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியிருந்தால் ஸ்னோ ஒயிட்டின் செல் தெருவுக்குத் தெரு கிடைத்திருக்கும்.

மகள் தொடங்கிய கடை

சக் ஜோன்ஸின் பெயரைக் கேட்டிராதவர்களும் அவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். ஓடும் பறவையையும் அதைத் துரத்தித் துரத்திப் பள்ளத்தில் விழும் ஓநாயையும் 1949-இல் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். நம் வீட்டுப் பிள்ளைகள் டிவியில் பார்த்த டாம் அண்ட் ஜெர்ரியில், டாமின் புருவம் திடீரென்று அடர்ந்து, ஜெர்ரியின் காது பெரிதாகி வரும் படங்கள் சில உண்டே, அவையும் அவருடையவை. 1963 முதல் 1967 வரை அப்படி 34 படங்கள்.

'வாட்ஸ் ஆபரா, டாக்?' படத்துக்கு ஸ்டுடியோ கொடுத்த அவகாசம் ஐந்து வாரம். வேலை ஏழு வாரம் இழுத்தது. கூடுதல் நாட்களை ஓடும் பறவைப் படக் கணக்கில் எழுதிவைத்துச் சமாளித்தது ஜோன்ஸின் குழு. அப்படித் திருடிய நேரத்தில் செய்த படத்தை 1992-இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். ஆனால் அதன் செல்கள்?

1970-களில் ஜோன்ஸ் சொந்தமாக டிவி படங்கள் எடுத்தார். இந்தியாவில் நடக்கும் கிப்ளிங் கதையான 'ரிக்கி டிக்கி டாவி' அவற்றில் ஒன்று. பாம்போடு மல்லுக்கு நிற்கும் கீரியின் கதை. அந்தப் படங்களின் செல்கள் அவர் கைவசமே இருந்தன. மகள் லிண்டா ஜோன்ஸ் 1970-களின் பிற்பகுதியில் அவற்றைக் கேலரிகள் வழியாக விற்கத் தொடங்கினார். வாங்க வந்தவர்கள் கீரியை ரசித்தார்கள். கூடவே பக்ஸ் பன்னி முயல் இருக்கிறதா, டாஃபி வாத்து இருக்கிறதா என்றும் தேடினார்கள். அவை கழுவிப் போயிருந்தன, குப்பையில் போயிருந்தன. அந்த வெற்றிடத்தில் பிறந்ததுதான் லிமிடெட் எடிஷன். வார்னரிடம் உரிமம் வாங்கி, ஜோன்ஸே புதிதாக வரைந்து, அந்தக் கோட்டைச் செல்லுக்கு மாற்றி, பழைய முறைப்படியே பின்புறம் கையால் வண்ணம் தீட்டி, எண்ணிட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கி விற்றார்கள்.

ஆக, இயக்குநர் பார்க்காமலே போயிருக்கக்கூடிய பழைய செல்லின் மேல் அவர் கை படவில்லை. அவர் வரைந்த கோட்டிலிருந்து பிறந்து, அவர் மேசைக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போன புதிய செல்லின் மேல் பட்டிருக்கிறது. வண்ணம் தீட்டியவர் அங்கேயும் பெயரில்லாதவர்தான். பழையதை ஒரிஜினல் என்றும் புதியதைப் போலி என்றும் பிரிப்பவர்கள் எந்தக் கையைத் தேடுகிறார்கள் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளட்டும். கேமராவுக்கு முன் நின்ற தாள் வேண்டுமா? பழையதை வாங்கலாம். அந்த மனிதரின் கை பட்ட தாள் வேண்டுமா? லிமிடெட் எடிஷனில் அது நிச்சயம் இருக்கிறது, ஓரத்தில், இரண்டு அங்குல நீளத்துக்கு.

மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். டாம் அண்ட் ஜெர்ரியைப் படைத்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் ஒரே செல்லில் ஜோடியாகக் கையெழுத்திட்டார்கள். வார்னரின் இன்னோர் இயக்குநர் ஃபிரிஸ் ஃபிரெலெங் போட்டார். டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் முதுமையில் போட்டார்கள். வாழ்நாளெல்லாம் சம்பளத்துக்கு வரைந்து, படத்தில் தாங்கள் வரைந்த ஓர் உருவத்தின் மேலும் உரிமையில்லாமல் ஓய்வுபெற்றவர்களுக்கு, ரசிகர் வரிசையில் நின்று கையெழுத்து கேட்பது சின்ன விஷயமில்லை. டெக்ஸ் ஏவரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்ஸ் பன்னியின் குணத்தை வார்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர், 1980-லேயே போய்விட்டார்.

எண்ணும் கையெழுத்தும்

வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

210/500 என்றால் உலகத்தில் ஐந்நூறு மட்டும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆர்ட்டிஸ்ட் புரூஃப் என்ற பெயரில் ஏ.பி. என்று எழுதிய பிரதிகள் தனியாக உண்டு. பத்து சதவீதம்வரை இருப்பது வழக்கம். விற்பனைக்கல்லாதவை என்று எச்.சி. குறியிட்ட பிரதிகளும் உண்டு, அவையும் ஒருநாள் விற்பனைக்கு வந்துவிடும். இதே முயலை வேறு அளவில், வேறு பின்னணியில் இன்னோர் எடிஷனாகப் போட உரிமையாளருக்குத் தடையில்லை. 'லிமிடெட்' என்ற வேலியைப் போடுபவர் விற்பவர்தான், அதன் அளவும் அவர் கையில். கையால் தீட்டிய செல்லில் 1/500-க்கும் 499/500-க்கும் தரத்தில் வித்தியாசமும் கிடையாது. முதல் எண்ணுக்குக் கூடுதலாகக் கொடுப்பது ஃபேன்ஸி நம்பர் பிளேட்டுக்குக் கொடுப்பது மாதிரி, ஆசைக்குக் கொடுப்பது.

அடுத்தது செரிசெல். பார்க்கச் செல் போலவே இருக்கும், பெயரும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் மொத்தமும் ஸ்கிரீன் பிரிண்டிங். ஒரு கையும் தீட்டியதில்லை. இரண்டாயிரம், ஐயாயிரம் என்று அச்சடிப்பார்கள். திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: மேடு பள்ளம் இருக்காது, அச்சு மைபோலச் சமமாக இருக்கும். ஃபிரேமைப் பிரிக்க விடாத கடைக்காரரிடம் பேரம் பேசாமல் வந்துவிடுவது உத்தமம்.

கையெழுத்துதான் பெரிய சிக்கல். வால்ட் டிஸ்னியின் கையெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுத்தர அவருக்கு நேரமில்லை. ஹாங்க் போர்ட்டர் போன்ற ஸ்டுடியோ ஓவியர்கள் அவர் அனுமதியோடு, அவர் பெயரை, அவரைவிட அழகாகவே எழுதி அனுப்பினார்கள். மோசடி என்று சொல்ல முடியாது, ஆனால் அசலும் இல்லை. ஏலக்காரர்கள் இப்போது இரண்டையும் பிரித்தே விலை சொல்கிறார்கள். ஜோன்ஸ் விஷயத்தில் கையெழுத்து எடிஷனோடு சேர்ந்தே வந்ததால் சந்தேகம் குறைவு. தனியாக ஒரு தாளில், கைதுடைக்கும் காகிதத்தில், போஸ்டரில் கிடைக்கும் அவர் கையெழுத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சான்றிதழை மட்டும் நம்புவதும் முழுப் பாதுகாப்பு ஆகாது, காகிதத்தை அச்சடிப்பது செல் தீட்டுவதைவிடச் சுலபம். கேலரி பில், பழைய ரசீது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற வரலாறு இவைதான் கைகொடுக்கும்.

லாபம்? 1990-களில் வார்னரும் டிஸ்னியும் ஷாப்பிங் மால்களில் கடை திறந்து, ஜட்டி பனியன் விற்கும் தளத்துக்குப் பக்கத்திலேயே கேலரி வைத்து எடிஷன்களை விற்றுத் தள்ளினார்கள். வாங்கியவர்களில் பலர் பிள்ளை காலேஜ் போகும்போது விற்கலாம் என்று நினைத்தார்கள். வார்னர் கடைகள் 2001-இல் மூடின. அன்று வாங்கியவற்றில் பல இன்று ஏலத்தில் அந்த விலையைக்கூடத் தொடுவதில்லை. சேமிப்பாக நினைத்து வாங்குபவர்களுக்குத் தங்கமே மேல். தினமும் பார்க்க வேண்டும் என்று வாங்குபவர்களுக்கு இந்தச் சரிவு நல்ல செய்தி.

புளிப்பு வாடை

வாங்கியதைக் காப்பாற்றுவது தனிப் பாடு. அசிட்டேட் வயதானால் சிதையத் தொடங்கும், அப்போது வினிகர் வாடை அடிக்கும். தாள் சுருங்கும், நெளியும். ஈரமும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும். சென்னை போன்ற கடலோர ஊரில் செல் மாட்டுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அதே சமயம் காற்று ரொம்ப வறண்டால் பின்புற வண்ணம் வெடித்து உதிரும். டிஸ்னியின் பழைய வண்ணத்தில் கருவேலப் பிசின் கலந்திருந்தது. உலர்ந்தால் விறைத்துப்போகும். கெட்டி கன்சர்வேஷன் இன்ஸ்டிடியூட் டிஸ்னியின் ஆவணக்காப்பகத்தோடு சேர்ந்து இதை ஆராய்ந்தபோது பலன் தந்தது பசையல்ல, ஈரக்காற்று. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி மெல்ல ஏற்றினால், பிசின் இளகி, உரிந்த வண்ணம் தாளோடு திரும்ப ஒட்டிக்கொள்கிறது. தாளுக்கு எமனாக இருப்பதே வண்ணத்துக்கு மருந்து. வீட்டில் முயல வேண்டிய வைத்தியம் இல்லை இது.

நாம் செய்யக்கூடியது எளிது. வெயில் படாத சுவர், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. செல்லின் மேல் கண்ணாடி உட்காரக்கூடாது, இடையில் அட்டை விளிம்பு வேண்டும். கையெழுத்து மையே முதலில் வெளுக்கும் என்பதால், விலை கொடுத்து வாங்கிய பெயரே முதலில் போய்விடும் அபாயம் உண்டு.

செல் இல்லாத படத்தின் செல்

1989-இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' டிஸ்னி செல்லில் தீட்டிய கடைசிப் பெரும்படம். அடுத்த ஆண்டு 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' படத்தில் வண்ணம் முழுக்கக் கம்ப்யூட்டருக்குப் போனது. சந்தை உச்சத்தில் இருந்த நேரத்தில் சரக்கு நின்றுவிட்டது. டிஸ்னி என்ன செய்தது? 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', 'அலாவுதீன்', 'தி லயன் கிங்' படங்களின் பென்சில் ஓவியங்களிலிருந்து, படத்துக்குத் தேவையே இல்லாத செல்களைக் கையால் தீட்டி சதபீஸில் ஏலம் விட்டது. கேமரா பார்த்த செல் என்ற ஒன்றே இல்லாத படங்கள் அவை. மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஒரிஜினல்வாதிகளின் வாதத்துக்கு அங்கே நிற்க இடமே இல்லாமல் போயிற்று.

'தி சிம்ப்சன்ஸ்' 2002 வாக்கில் செல்லை விட்டது. ஜப்பானில் 'சசாயே-சான்' தொடர் 2013 வரை தாக்குப்பிடித்தது. இப்போது கேலரிகளில் அனிமேட்டர்கள் கையெழுத்திடுவது பெரும்பாலும் உயர்தர இங்க்ஜெட் அச்சில். எண் உண்டு, சான்றிதழ் உண்டு, தாளில் மட்டும் மேடு பள்ளம் கிடையாது. ஆனால் கேட்டால், சிலர் கையெழுத்துக்குப் பக்கத்தில் வெள்ளை விளிம்பில் பென்சிலால் ஓர் உருவத்தைச் சின்னதாக வரைந்து தருகிறார்கள். ரிமார்க் என்பார்கள். அச்சு எல்லோருக்கும் ஒன்று, அந்தக் கிறுக்கல் ஒவ்வொருவருக்கும் வேறு. அதற்கு விலையும் தனி, காத்திருக்கும் வரிசையும் நீளம்.